நீலத்தில் அச்சான பெயர்

துலுக்கானம் அண்ணனைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதனால் நான் கேட்கவில்லை. எனக்கு இருக்கிற கோபத்துக்கு எழுதாமல் இருக்க முடியாது.

என் பெயர் ஜெபா, சொந்த ஊர் நாசரேத். அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு பேராசிரியர் எழுதி அனுப்புவதை இங்கே நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்து, இடைவெளி, படம், சூத்திரம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, அச்சுக்குப் போகிற பக்கமாக்கித் திருப்பி அனுப்புவோம். எனக்கு இடது பக்கத்து நாற்காலி துலுக்கானத்துடையது. ஐம்பதுக்கு இரண்டு வயது குறைவு. அந்தப் பெயரில் உள்ள அம்மன் இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரி. பெயரைச் சொன்னாலே உள்ளூர் ஆள் என்று தெரிந்துவிடும். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டே வாரத்தில் அதே பிள்ளைகள் 'அண்ணே, கொஞ்சம் வாங்களேன்' என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

நிற்பது பெரும்பாலும் கலரால்தான். எழுத்துக்குக் கலர் கொடுப்பது எல்லாருக்கும் விளையாட்டாகத் தெரியும். வாக்கியத்தைத் தேர்ந்தெடு, சிவப்பு கொடு, வேலை முடிந்தது. அப்புறம் பார்த்தால், கலரைத் தொடங்கின பையன் முடிக்க மறந்திருப்பான், அடுத்த பதினாறு பக்கமும் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும். அல்லது, திரையில் பளிச்சென்று இருந்த ஆரஞ்சுத் தலைப்பு, கறுப்பு மட்டும் போடுகிற புத்தகத்தில் சாம்பல் பூத்துப் படிக்கவே முடியாமல் போயிருக்கும். ஒரு முறை மாணவர் பிரதியில் விடைகள் தெரியக்கூடாது என்று ஒரு புத்திசாலி அவற்றுக்கு வெள்ளை நிறம் கொடுத்துவிட்டாள். காகிதத்தில் தெரியவில்லை, சரி. கம்ப்யூட்டரில் படித்த பிள்ளைகள் பக்கத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்ததும் எல்லா விடையும் வெளியே வந்துவிட்டது. அந்தப் புத்திசாலி நான்தான். அன்றைக்கு என்னை மேனேஜரிடமிருந்து காப்பாற்றியது துலுக்கானம்.

காப்பாற்றிவிட்டு எனக்கு ஒரு வகுப்பும் எடுத்தார். திரையில் எல்லாம் ஒரே பக்கமாகத் தெரிகிறது, ஆனால் அச்சு இயந்திரத்துக்கு அது ஒரே பக்கம் இல்லை. கறுப்புக்கு ஒரு தகடு, சிவப்புக்கு ஒரு தகடு, நீலத்துக்கு ஒரு தகடு. பிரஸ்ஸில் பிளேட் என்பார்கள். ஒரே தாள் ஒவ்வொரு பிளேட்டாகப் போய் வரும். "கலர்ல போட்ட எழுத்து உன் பக்கத்துல கீதுன்னு நெனச்சிக்காத ஜெபா. அது வேற பிளேட்ல கீது. அந்த பிளேட் ஏறலன்னா அதுவும் இல்ல" என்றார். அப்போது தலையாட்டினேன்.

வீடு வாங்கும்போது நான் வாங்கியது அவர் ஊரில். திருவேற்காட்டுக்கும் அயப்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் அடுத்த மாதம் எனக்குத் தண்ணீர் லாரி வராது. அடுக்குமாடி கட்டின இடம் முன்பு வயல், கோயில் தெருக்காரர்களுடையது. துலுக்கானத்தின் அம்மா வேம்புலியம்மாள் அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். நாற்று நின்றுபோனதும் எஸ்டேட்டில் ஒரு ஸ்க்ரூ கம்பெனியில் நல்லது கெட்டது பொறுக்கிப் பிரிக்கிற வேலைக்குப் போய், இருபத்தாறு வருடம் செய்து ரிட்டயர் ஆனவர். அவர்கள் வீடு ஏரிக்கரைத் தெருவில். கோயில் தெருவில் யாரும் அதை ஏரிக்கரைத் தெரு என்று சொல்லி நான் கேட்டதில்லை. காலனி என்பார்கள்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் ஊர் முழுக்க நோட்டீஸ் கொடுப்பார்கள். எந்த நாள் என்ன விசேஷம், எது யார் உபயம் என்று வரிசையாக இருக்கும். நோட்டீஸில் பெயர் வருவது இங்கே சின்ன விஷயம் இல்லை. பெயர் வந்த வீட்டில் அதை லேமினேட் செய்து மாட்டுவார்கள். போன வருடம் மேலே இருந்த பெயர் இந்த வருடம் கீழே இறங்கிவிட்டால் பேச்சுவார்த்தை நின்றுபோகும். பதினோரு வருடமாக அந்த நோட்டீஸைக் கம்ப்யூட்டரில் கட்டிக் கொடுப்பது துலுக்கானம்தான். காசு வாங்கமாட்டார். எல்லார் பெயரையும் எழுத்துப் பிழை இல்லாமல் அடுக்குவார். அவர் தெருவில் ஒருவர் பெயரும் அதில் இருக்காது. கூழுக்கு வேண்டிய கேழ்வரகு வருடா வருடம் ஏரிக்கரைத் தெருவிலிருந்துதான் போகும், நோட்டீஸில் மட்டும் 'பொதுமக்கள்' என்று இருக்கும். காய்ந்த தானியத்தை வாங்கிக்கொள்வார்கள். காய்ச்சிக் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள். இதெல்லாம் எனக்குச் சொன்னது வேம்புலியம்மாள், எந்தக் கோபமும் இல்லாமல், பஸ் நேரம் சொல்கிற குரலில்.

அச்சடிப்பது சம்பத். பூந்தமல்லியில் பிரஸ் வைத்திருக்கிறான். கோயில் தெருக்காரன், துலுக்கானத்தோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. என்னைவிடப் பெரியவன்தான், ஆனால் 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பன்னிரண்டாவது ஃபெயிலானதும் அவன் அப்பா வீட்டுக்குள் சேர்க்காமல் விரட்டினபோது, மூன்று மாதம் அவன் சாப்பிட்டதும் தூங்கினதும் வேம்புலியம்மாள் வீட்டில். பிரஸ் ஆரம்பித்த நாளில் முதல் தாளை இயந்திரத்திலிருந்து எடுத்துக் கொண்டுவந்து அந்த அம்மாவின் காலடியில்தான் வைத்தானாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். துலுக்கானம் ஆபீஸில் சம்பத் பெயரை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது எடுப்பார். கேட்டுக் கேட்டு எனக்கே அவன் ஏதோ சொந்தக்காரன் என்று ஆகிவிட்டது.

இந்த வருடம் வேம்புலியம்மாளுக்கு எழுபது முடிந்தது. கூழுக்கான கேழ்வரகு மொத்தத்தையும் தானே தருகிறேன் என்று சொல்லிவிட்டார். தன் பென்ஷனில் மூட்டையாக வாங்கி, முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, பத்து நாள் அதே வேலையாக இருந்தார். பேர் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. துலுக்கானத்துக்குத்தான் ஆசை வந்தது. பதினோரு வருடம் மற்றவர்கள் பெயரை அடுக்கின கைக்கு அம்மாவின் பெயரை ஒரு தடவை அடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கோயில் கமிட்டியிடம் நேராகப் போய்க் கேட்கக் கூச்சம். சம்பத்திடம் சொன்னார். சம்பத் பேசிப் பார்க்கிறேன் என்றான். நான்கு நாள் கழித்துப் போனில், கமிட்டி ஒத்துக்கொண்டது என்றான். அதோடு இன்னொன்றும் சொன்னான். தலைப்பு சிவப்பு, மற்றவர்கள் எல்லாம் கறுப்பு, அம்மா பெயர் மட்டும் தனியாக நீலத்தில் வரட்டும். அந்த ஒரு வரிக்காக ஒரு பிளேட் தன் செலவில் போடுகிறேன், இது தன்னுடைய காணிக்கை.

மறுநாள் ஆபீஸில் டீ இடைவேளையில் கட்டின பக்கத்தைத் திரையில் காட்டினார். 'கூழுக்குக் கேழ்வரகு உபயம்: அமரர் ராமன் மனைவி திருமதி வேம்புலியம்மாள்.' கறுப்பு எழுத்துகளுக்கு நடுவில் நல்ல நீலம். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு எதையும் சும்மா விடுகிற பழக்கம் கிடையாது. அண்ணே, அது தனி பிளேட்டுல்லா, ஏறலைன்னா என்ன செய்வீங்க, கறுப்புலயே போட்டா பத்திரம்தானே என்றேன். அவர் சிரித்தார். "சம்பத் பிரஸ்ல ஏம்மா ஏறாம போவப் போகுது" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏரிக்கரைத் தெருவுக்கு நோட்டீஸ் கட்டு வந்தது. வீட்டுக்கு இரண்டு. வேம்புலியம்மாள் மூன்றாவது வரை படித்தவர். தன் பெயரை விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்தார் என்றும், 'லி'யில் வந்து நின்று 'இது நான்தான்' என்றார் என்றும் துலுக்கானம் புதன்கிழமை காலையில் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதே காலையில் என் கைப்பைக்குள்ளும் ஒரு நோட்டீஸ் இருந்தது. எங்கள் அடுக்குமாடிக்குக் கோயில் தெருக் கட்டிலிருந்துதான் கொடுத்திருந்தார்கள். நான் தேவாலயத்துக்குப் போகிறவள் என்றாலும் வாட்ச்மேன் எல்லாக் கதவிலும் செருகிவிட்டுப் போவார். அவர் தன் பிரதியைக் கொண்டு வரவில்லை, என்னுடையதிலேயே அந்தப் பெயரைப் பார்த்துவிடலாம் என்று ஆசையாக எடுத்து விரித்தேன். சிவப்புத் தலைப்பு இருந்தது. கறுப்பில் எல்லாப் பெயரும் இருந்தன. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லாத இடம் இருந்தது.

இரண்டு பேரும் அந்த வெள்ளை இடத்தையே பார்த்தோம். துலுக்கானம் முதலில் சிரிக்கத்தான் செய்தார். மிஷின் பையன் ஒரு அடுக்கை நீலத்துக்கு அனுப்ப மறந்திருப்பான், சம்பத்துக்குத் தெரிந்தால் அவனைத் தொலைத்துவிடுவான் என்றார். நான் என் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் நோட்டீஸைப் படம் எடுத்துப் போடச் சொன்னேன். ஏழு பேர் போட்டார்கள். ஏழிலும் அதே வெள்ளை இடம். அவர் அப்போதும் சம்பத்தைத்தான் தாங்கிப் பேசினார். பாவம், கமிட்டிக்காரர்கள் அவனைத் திட்டுவார்களே என்றார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு என் ஸ்கூட்டரில் பூந்தமல்லிக்குப் போனோம். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்கார அவருக்கு வெட்கம், ஹெல்மெட் போட்டதும் சமாதானமாகிவிட்டார். வழி முழுக்க, மீதித் தாளில் இன்றைக்கே நீலத்தை ஓட்டிக் கொடுத்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சம்பத் எங்களைப் பார்த்ததும் டீ வாங்கி வரச் சொன்னான். துலுக்கானம் என் நோட்டீஸை மேஜையில் விரித்து, பிளேட் ஏறாம போயிருக்கு மச்சான் என்றார். சம்பத் நோட்டீஸைப் பார்க்கவில்லை. இவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. டேபிள் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தான். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்குப் புரியவில்லை, புரியாமல் இருக்கப் பார்த்தார்.

பிறகு சம்பத் பேசினான். கமிட்டி ஒத்துக்கொள்ளவே இல்லை. கேழ்வரகை வாங்கிக்கலாம், பேர் போடுற வழக்கம் இல்லை, இன்றைக்கு ஒரு பேர் போட்டால் நாளைக்கு எல்லாத்துக்கும் வந்து நிற்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். இதைத் துலுக்கானத்திடம் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. கமிட்டியை மீறிப் பேரைப் போட்டால் ஊரில் அவனால் இருக்க முடியாது. அதனால் இரண்டு பேருக்கும் மனசு நோகாமல் ஒரு வழி பண்ணினான். எல்லாத் தாளும் கறுப்பிலும் சிவப்பிலும் ஓடியது. ஏரிக்கரைத் தெருக் கட்டு மட்டும் நீலத்திலும் ஓடியது.

"அதுக்குத்தான் தனி கலர்ல போடச் சொன்னியா?" என்று துலுக்கானம் கேட்டார்.

"நீதான மச்சான் சொல்லுவே, கலர்ல கீறது வேற பிளேட்ல கீதுன்னு. நீ சொல்லித்தான் எனுக்கு இந்த ஐடியாவே வந்திச்சு" என்றான் சம்பத். பெருமையாகச் சொல்லவில்லை, பழி போடவும் இல்லை. உண்மையிலேயே நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு சொன்னான். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

துலுக்கானம் மேஜையிலிருந்து நோட்டீஸை எடுத்துக்கொண்டார். டீ வந்தது, குடிக்கவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபோது, அந்த நீல வரியைத் தானே தன் கையால் தனியாக எடுத்து வைத்ததை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கறுப்பில் போட்டிருந்தால் அதை எடுக்க யாராவது தன்னிடம்தான் வந்திருக்க வேண்டும், முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கத் தேவையில்லாதபடி தானே வசதி பண்ணிக் கொடுத்துவிட்டேன் என்றார். அம்மாவிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கூழ் முடிந்துவிட்டால் நோட்டீஸை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். சர்ச் முடிந்து நேரே வந்தேன், கும்பிட இல்லை, அவரோடு நிற்பதற்கு. வேம்புலியம்மாள் மஞ்சள் புடவை கட்டி, நோட்டீஸை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். கூழ் ஊற்றுகிற பந்தலுக்கு வெளியே, ஏரிக்கரைத் தெருக்காரர்கள் வழக்கமாக நிற்கிற பக்கத்தில் நின்றோம். கமிட்டித் தலைவரின் மனைவி சுலோசனா சொம்போடு அந்தப் பக்கம் வந்தார். வேம்புலியம்மாளைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர், 'என்ன வேம்புலி' என்றுதான் விசாரித்தார். இந்த அம்மா வெட்கத்தோடு கவரை எடுத்து நீட்டினார்.

சுலோசனா படித்தார். இன்னொரு தரம் படித்தார். யாரோ ஒரு பெண்ணிடமிருந்து அவர்கள் தெரு நோட்டீஸை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எங்களுதுல இல்லியே. இத்த யாரு அடிச்சது?" என்றார். பிறகு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "உம் பையன் கம்ப்யூட்டர்லதான கீறான். அவனே போட்டுக்கினான் போல."

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏரிக்கரைத் தெருப் பையன்கள் இரண்டு பேர் குரலை உயர்த்தினார்கள், அவர்கள் அப்பாக்கள் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் பந்தலுக்குள்ளிருந்து சம்பத்தைக் கூப்பிட்டு, இரண்டு மாதிரி அடித்தாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த அம்மா கையால் மூன்று மாதம் தின்றவன், அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்தேன்.

"நான் அடிச்சது கறுப்பும் செவப்பும்தான். ப்ளூல எனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் சம்பத். தரையைப் பார்த்துச் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு நோட்டீஸையும் வாங்கி, பெயர் இல்லாத தாளில் இந்த இடம் எதற்குக் காலியாக இருக்கிறது, மேலும் கீழும் வரி நெருக்கமாக இருக்கும்போது நடுவில் மட்டும் யார் இடம் விடுவார்கள், இங்கே வேறு ஒன்று இருந்து எடுத்தால்தானே இப்படி வரும் என்று கத்தினேன். அழகுக்கு விட்டிருப்பார்கள் என்றார் ஒருவர். நீங்க ஃபிளாட்டுக்கு வந்தவங்க, ஊர் சமாசாரம் உங்களுக்குத் தெரியாது என்றார் இன்னொருவர், மரியாதையாகத்தான். துலுக்கானம் என் கையிலிருந்து தாள்களை மெல்ல வாங்கி மடித்தார்.

வேம்புலியம்மாள் இந்தக் கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். "நைனா, அவுங்களுதுல இல்லன்றது உனுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பத்திலேர்ந்து?"

"புதன்கெழமை."

அவர் மகன் கையிலிருந்து தன் நோட்டீஸை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு அந்த அம்மாவின் கணக்கு புரிந்தது. சம்பத் பொய் சொல்லமாட்டான். மகனுக்கு நாலு நாளாகத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. மகன் வேலையே கம்ப்யூட்டரில் எழுத்து அடுக்குவது. சொல்லுங்க அண்ணே, இப்பவாவது சொல்லுங்க என்று நான் அவர் காதருகில் முணுமுணுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

வேம்புலியம்மாள் சுலோசனாவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எம் மேல கீற பாசத்துல பண்ட்டான். அவன் அந்த மாரி புள்ள இல்ல. நான் சொல்லி வெக்கிறேன்" என்றார். எழுபது வயது மனுஷி, தான் கொடுத்த கேழ்வரகில் காய்ச்சின கூழுக்கு முன்னால் நின்று, மகன் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டார். சுலோசனா பெரிய மனசு பண்ணி, சரி விடு, சாமி காரியத்துல எதுக்கு என்றார். அந்த அம்மாவின் சொம்பில் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றச் சொன்னார். சம்பத் அதற்குள் பந்தலுக்குள் போய்விட்டான்.

திங்கட்கிழமை துலுக்கானம் வழக்கம்போல வேலைக்கு வந்தார். நான் அவரை விடவில்லை. போய் அம்மாகிட்ட நடந்ததைச் சொல்லுங்க, பிளேட் இன்னும் அவன் பிரஸ்லதான் கிடக்கும், நான் வேண்டுமானால் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் கையில் இருந்த பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, பிறகு சொன்னார்.

"இப்ப அம்மாவுக்கு எம் மேல மட்டும்தான் வருத்தம். புள்ள புத்தி கெட்டு பண்ட்டான், அவ்ளோதான். நான் சொன்னா, சம்பத்தும் போய்டுவான், ஊரும் போய்டும். எழுபது வயசுல அதுக்கு வேற ஊரு எங்க கீது?"

எனக்கு அது ஒப்பவில்லை. உங்களைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே அந்த அம்மா சாகட்டும் என்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் எழுந்து பாத்ரூம் பக்கம் போனார், திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்குப் பிறகு சம்பத் என்ற பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. புதுப் பிள்ளைகள் கலரில் சிக்கிக்கொண்டு கூப்பிட்டால் என் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஓவர்டைமில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே நான் ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். சத்தியத்தை மீறுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். அவர் மனைவி ஹேமாவதி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. வேம்புலியம்மாள் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார், வடகம் பொரித்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். ஆபீஸில் இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லிவிடாதே, வேலைக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்றார். அவனைத் திட்டாதே என்றார். சின்ன வயதிலிருந்து ஒரு பொருளை யாரிடமிருந்தும் கேட்காமல் எடுத்தவன் இல்லை, எனக்காகத்தான் இப்படி ஆகிவிட்டது என்றார். சம்பத் மேல் ஒரு வருத்தமும் இல்லை, அவன் உள்ளதைத்தானே சொன்னான் என்றார்.

பிறகு எழுந்து சுவரில் கணவர் ராமனின் போட்டோவுக்குப் பின்னாலிருந்து அந்த நோட்டீஸை எடுத்து வந்து காட்டினார். கிழித்துப் போட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். கவரிலிருந்து வெளியே எடுக்காமலே, நீல வரியின் மேல் விரலை வைத்தார்.

"ஊரு அடிச்சது இல்ல, எம் புள்ள திருட்டுத்தனமா அடிச்சது. அதனால இன்னா. எம் பேர அவ்ளோ அழகா வேற யாரு போடுவாங்க" என்றார்.

அம்மா, அது திருட்டு நோட்டீஸ் இல்லை, அதுதான் முழு நோட்டீஸ், அவர்களிடம் இருப்பதுதான் பெயரைத் தூக்கினது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வடகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சம்பத் அந்த அம்மாவை ஏமாற்றினான் என்று இவ்வளவு எழுதியாயிற்று. இன்றைக்கு அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பது அவருடைய மகனும் நானும்.